அப்பாவின் கரும்பச்சை ஸ்வெட்டரும் பழைய கம்பளிக் கம்பெனிகளும்

கேள்வி: "அந்தக் காலத்து ஸ்வெட்டர் மாதிரி இப்போது வருவதில்லை என்று என் தாத்தா சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆண்கள் போடும் சாதாரண வி கழுத்து ஸ்வெட்டரில் அப்படி என்ன மாறிவிட்டது? அந்தக் கம்பெனிகள் உண்மையிலேயே நல்ல சரக்கு செய்தனவா, அல்லது பெயர் மட்டும்தானா?"

12 நவம்பர் 2022

நல்ல சரக்குதான் செய்தார்கள். கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். எங்கள் வீட்டில் அப்பாவின் ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது. கரும்பச்சை, வி கழுத்து, முழுக்கை. குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் அப்பா கிளார்க்காக இருந்தார். 1974-இல் ஸ்காட்லாந்துக்கார மேனேஜர் துரை ஊருக்குத் திரும்பும்போது அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பிரிங்கிள் என்ற ஸ்காட்லாந்துக் கம்பெனி செய்தது, கேஷ்மியர் என்ற விலையுயர்ந்த வெள்ளாட்டுக் கம்பளி. 48 வருஷம் ஆகிறது, கை விளிம்பும் இடுப்புப் பட்டையும் இழுத்துவிட்டால் இன்னும் சுருங்கித் தன் இடத்துக்குத் திரும்புகின்றன. இரண்டு முழங்கையிலும் அம்மா நூல் ஓட்டிய இடம் இருக்கிறது, அவ்வளவுதான் சேதம்.

நான் சில வருஷம் முன்பு வாங்கிய ஸ்வெட்டர், விலை அதிகம்தான், இரண்டாவது குளிர்காலத்திலேயே அக்குளில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, கழுத்து அகன்று தொங்கிவிட்டது. உங்கள் தாத்தா சொல்வது சரி.

13 நவம்பர் 2022

"எதைப் பார்த்து நல்லது என்று கண்டுபிடிப்பது" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் ஸ்வெட்டரை உள்பக்கமாகத் திருப்புங்கள். முதலில் கை உடம்போடு சேரும் இடம்.

அப்பாவுடையதில் அந்த இடத்தில், தையலிலிருந்து ஒரு அரை அங்குலம் தள்ளி, சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக ஓடுகின்றன. இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்கிய தடம் அது. அக்குளுக்காகத் துணியை வெட்டவே இல்லை. கண்ணிகளைக் குறைத்துக் குறைத்து, அந்த வளைவு வரும்படியே பின்னி எடுத்திருக்கிறார்கள். நம் அத்தைகள் ஊசியில் பின்னும்போது அக்குள் வந்ததும் செய்வார்களே, அதே வேலையை இயந்திரத்தில். வில்லியம் காட்டன் என்பவர் இங்கிலாந்தில் 1864-இல் காப்புரிமை வாங்கிய இயந்திரம்தான் இதைப் பெரிய அளவில் சாத்தியமாக்கியது. பெயர் காட்டன், ஆனால் பருத்திக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. 'ஃபுல்லி ஃபேஷன்ட்' என்று லேபிளில் போட்டிருந்தால் இதுதான் அர்த்தம்.

அடுத்தது கழுத்துப் பட்டை. அதை உடம்போடு சேர்ப்பதற்கு 'லிங்கிங்' என்று பெயர். வட்டமான தட்டில் வரிசையாக முள் இருக்கும். உடம்புத் துண்டின் ஒவ்வொரு கண்ணியையும் ஒவ்வொரு முள்ளில் கையால் மாட்ட வேண்டும். ஒரு கண்ணி தவறினால் அங்கிருந்து ஓட்டை விழுந்து ஏணி மாதிரி இறங்கிவிடும். கண்பார்வை நன்றாக இருப்பவர்களால் மட்டுமே முடிகிற வேலை. இப்படிச் சேர்த்த கழுத்தை உள்பக்கம் தடவிப் பார்த்தால் தடிப்பே தெரியாது. நான் வாங்கிய ஸ்வெட்டரில் அதே இடத்தில் ஓவர்லாக் தையல் கயிறு மாதிரி நின்றது.

13 நவம்பர் 2022, இரவு

திருப்பூரிலிருந்து எழுதிய நண்பருக்கு: நீங்கள் கோபப்பட்டது நியாயம், திருத்திக்கொள்கிறேன். வெட்டித் தைப்பது மட்டமான வேலை என்று உங்களுக்குப் படும்படி நான் எழுதியது தப்பு. உங்கள் ஊர் வட்ட இயந்திரத்தில் குழாய் மாதிரித் துணி இறங்குகிறது, அதை வெட்டித் தைத்துத்தான் பனியனும் டி ஷர்ட்டும் ஆகிறது. மெல்லிய பருத்திக்கு அதுதான் பொருத்தம். நான் சொன்னது தடித்த கம்பளிக்கு. அதை வெட்டினால் விளிம்பு பிரியும், பிரியாமல் இருக்கத் தடித்த தையல் போட வேண்டியிருக்கும், அந்தத் தையல்தான் தோளை உறுத்தும்.

கேஜ் பற்றி அவர் சொன்னது எல்லோருக்கும் பயன்படும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதே கேஜ். எண் கூடக்கூடத் துணி மெலிதாகும். இங்கிலாந்தில் டெர்பிஷயர் மாவட்டத்தில் ஜான் ஸ்மெட்லி என்ற கம்பெனி 1784 முதல் லீ மில்ஸ் என்ற ஆலையில் இருக்கிறது. அவர்களுடைய மெரினோ ஆட்டுக் கம்பளி ஸ்வெட்டர் 30 கேஜ். சட்டை மாதிரி மெலிதாக இருக்கும், கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாம். மீனவர்கள் போடும் தடித்த ஸ்வெட்டருக்கு 5 கேஜே அதிகம்.

15 நவம்பர் 2022

பிரிங்கிள் கம்பெனி இருந்த ஸ்காட்லாந்து ஊரின் பெயரை ஹாவிக் என்று ஒரு பதிலில் எழுதிவிட்டேன். எடின்பரோவில் வேலை பார்க்கும் ஒருவர் திருத்தினார். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'டபிள்யூ' வந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் ஹாயிக் என்றுதான் சொல்கிறார்கள். இனி அப்படியே.

16 நவம்பர் 2022

ஹாயிக் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பழைய நல்ல ஸ்வெட்டரைக் கையில் எடுத்து லேபிளைப் பார்த்தால் திரும்பத் திரும்ப இந்த ஒரே ஊர் பெயர்தான் வருகிறது. நம் பக்கம் ஓர் ஊருக்கு ஒரு தொழில் இருப்பது புதிதில்லை. சிவகாசி, திருப்பூர், பத்தமடை என்றால் நமக்கு உடனே புரியும். ஹாயிக்கும் அப்படித்தான்.

ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில், டெவியட் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். 1771-இல் ஜான் ஹார்டி என்ற ஊர்ப் பெரிய மனிதர் நான்கு காலுறைத் தறிகளைக் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தறி 1589-இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ கண்டுபிடித்தது. ஆக ஹாயிக் முதலில் பின்னியது காலுறைதான், ஸ்வெட்டர் என்ற பேச்சே இல்லை. சுற்றிலும் மேய்ச்சல் நிலம், ஆடு நிறைய. ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, உப்பு ஏறாதது. கம்பளிக்கு இது பெரிய விஷயம். பின்னி முடித்த ஸ்வெட்டர் தறியிலிருந்து இறங்கும்போது எண்ணெய்ப் பிசுக்கோடு விறைப்பாக இருக்கும். மென்மையான தண்ணீரில் பக்குவமாக அலசும்போதுதான் மயிர் மேலே எழும்பி அந்த மெத்துமெத்து வரும். நேரம் கூடிவிட்டால் ஸ்வெட்டர் சுருங்கி அட்டையாகிவிடும். இத்தனை நிமிஷம் என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லும் ஆள் ஒவ்வோர் ஆலைக்கும் வேண்டும்.

பிரிங்கிள் 1815. லைல் அண்ட் ஸ்காட் 1874. பேரி 1903. இவை எல்லாம் அந்த ஒரே ஊர். ஆரம்பத்தில் காலுறை, அப்புறம் கம்பளி உள்ளாடை. உள்ளே போட்டுக்கொண்டிருந்த பின்னலாடை வெளியே தெரியும்படி போடும் உடையானது இருபதாம் நூற்றாண்டில்தான். லைல் அண்ட் ஸ்காட்டை இன்று கழுகுச் சின்னத்துக்காகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், ஆனால் அமெரிக்கக் கம்பெனி ஒன்றிடம் உரிமம் வாங்கி 1938 முதல் ஆண்கள் ஜட்டி செய்து விற்றவர்களும் அவர்கள்தான். 

பிரிங்கிள் 1934-இல் ஓட்டோ வைஸ் என்பவரை வடிவமைப்பாளராக வைத்தது. பின்னலாடைக்கென்று சம்பளம் கொடுத்து ஒரு வடிவமைப்பாளரை வைப்பது அப்போது புதிது. உள்ளே ஒன்று மேலே ஒன்றாகப் பெண்கள் போடும் இரட்டை ஸ்வெட்டர், வைரக்கட்டம் போட்ட ஆண்கள் ஸ்வெட்டர் இரண்டும் அந்தக் காலத்தில்தான் உலகம் முழுக்கப் பரவின. அப்புறம் கோல்ஃப் வந்தது. இங்கிலாந்து ஆட்டக்காரர் நிக் ஃபால்டோ 1987-இல் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் பட்டம் வென்றபோது மஞ்சள் பிரிங்கிள் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கடைசி நாள் 18 குழியிலும் அந்தந்தக் குழிக்கு விதித்த அடி எண்ணிக்கையில் ஒன்று கூட்டாமல் ஒன்று குறைக்காமல் சரியாக ஆடி ஜெயித்த ஆட்டம். குன்னூர் வெலிங்டனில் ஜிம்கானா கிளப் கோல்ஃப் மைதானம் பக்கம் நடந்து போகும்போது நான் பார்த்த ஸ்வெட்டர் எல்லாம் ஏன் வைரக்கட்டமாக இருந்தன என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது அந்த ஊர் நிலைமை வருத்தமானது. பிரிங்கிள் 2000-இல் ஹாங்காங் முதலாளிகள் கைக்குப் போனது, 2008-இல் ஹாயிக் ஆலையில் உற்பத்தியை நிறுத்தினார்கள். பெயர் இருக்கிறது, ஊரில் தறி இல்லை. பேரியை 2012-இல் பாரிஸின் ஷனேல் ஃபேஷன் கம்பெனி வாங்கிக் காப்பாற்றியது. அதனால் "பிரிங்கிள்" என்று லேபிளில் இருந்தால் எந்த வருஷத்துப் பிரிங்கிள் என்று கேட்க வேண்டும். ஒரே பெயர், இரண்டு வேறு சரக்கு.

17 நவம்பர் 2022

வைரக்கட்டத்தையும் ஃபேர் ஐல் பூவேலையையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். மறுபடியும் உள்பக்கம் திருப்புங்கள்.

வைரக்கட்டத்துக்கு ஆர்கைல் என்று பெயர், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதி கேம்பெல் குலத்தாரின் கட்டத் துணியிலிருந்து வந்தது. நல்ல ஆர்கைல் ஸ்வெட்டரின் உள்பக்கம் வெளிப்பக்கம் மாதிரியே சுத்தமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி நூல் உருண்டை. ஒரு நிறம் முடியும் இடத்தில் அடுத்த நிற நூலைக் கொக்கி மாதிரி மாட்டிவிட்டு முதல் நூலை அங்கேயே விட்டுவிடுவார்கள். பின்னால் நூல் ஓடாது. பத்து வைரம் இருந்தால் பத்து நூலைச் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபேர் ஐல் வேறு. அது ஆர்க்னிக்கும் ஷெட்லாண்டுக்கும் நடுவில் இருக்கும் குட்டித் தீவு. அவர்கள் ஒரு வரிசைக்கு இரண்டே நிறம் எடுப்பார்கள், வேண்டாத நிறம் பின்னாலேயே ஓடிவரும். உள்பக்கம் முழுக்கக் கம்பி கட்டின மாதிரி நூல் ஓடும். அதனால் துணி இரட்டைத் தடிமன், குளிருக்கு அவ்வளவு அடக்கம். வேல்ஸ் இளவரசராக இருந்த எட்டாம் எட்வர்டு 1922-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு வந்தார், அதோடு மீனவத் தீவின் உடை பணக்காரர்கள் உடையானது.

எனக்கு இரண்டில் ஃபேர் ஐல்தான் பிடிக்கும். கையில் பின்னியது என்பது அதன் ஒவ்வொரு வரிசையிலும் தெரிகிறது.

18 நவம்பர் 2022

"ஐரிஷ் ஆரன் ஸ்வெட்டரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பின்னல், கடலில் மூழ்கிய மீனவன் உடலை அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்கும்போது நெஞ்சை அடைக்கிறது, நானும் வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை. 1904-இல் மேடையேறிய ஒரு ஐரிஷ் நாடகத்தில், மூழ்கிய அண்ணனைத் தங்கை தன் கையால் பின்னிய காலுறையில் விட்டுப்போன நான்கு கண்ணியை எண்ணி அடையாளம் கண்டுகொள்வாள். அங்கே குடும்பப் பின்னல் எதுவும் இல்லை. தான் பின்னியது தனக்குத் தெரியாதா என்பதுதான் விஷயம். பிற்பாடு ஸ்வெட்டர் விற்க வந்தவர்கள் அதைக் குலச் சின்னமாக்கிவிட்டார்கள். கயிறு முறுக்கின மாதிரி இருக்கும் அந்த வெள்ளை ஆரன் ஸ்வெட்டரே இருபதாம் நூற்றாண்டில் உருவானதுதான். 1961-இல் கிளான்சி சகோதரர்கள் என்ற ஐரிஷ் பாடகர்கள் அதைப் போட்டுக்கொண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடிய பிறகு விற்பனை எங்கேயோ போனது.

தான் பின்னியது தனக்குத் தெரியும் என்பது மட்டும் சத்தியம். எங்கள் பெரியத்தை பின்னிய ஸ்வெட்டரை நூறு ஸ்வெட்டருக்கு நடுவில் போட்டாலும் எடுத்துவிடுவார். கழுத்து ஆரம்பிக்கும் இடத்தில் எப்போதும் ஒரு கண்ணி இறுக்கமாக இருக்கும்.

19 நவம்பர் 2022

பெரியத்தை பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். அவர் கல்யாணமாகி டெல்லி போனவர், மாமாவுக்கு மத்திய அரசு வேலை. எழுபதுகளில் வருஷா வருஷம் கோடை விடுமுறைக்கு வரும்போது எங்கள் எல்லோருக்கும் ஸ்வெட்டர் வரும். டெல்லியில் குளிர்காலத்து மதிய வெயிலில் குவார்ட்டர்ஸ் புல்தரையில் கயிற்றுக் கட்டில் போட்டுக்கொண்டு பெண்கள் எல்லோரும் பின்னுவார்களாம். கன்னடம், வங்காளம், பஞ்சாபி, தமிழ் எல்லாம் ஒரே கட்டிலில். பேச்சு ஒரு பக்கம் போகும், கை தன் பாட்டுக்குப் போகும். அத்தை வைத்திருந்த பின்னல் ஊசியில் 'போனி' என்று எழுதியிருக்கும். அந்த ஊசி எங்கிருந்து டெல்லி போனது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் நீலகிரியிலிருந்து. கேத்தி பக்கத்தில் நீடில் இண்டஸ்ட்ரீஸ் 1949 முதல் இருக்கிறது. எங்கள் மலையிலிருந்து ஊசி வடக்கே போய், ஸ்வெட்டராகத் திரும்பி வந்தது.

நூல் எங்கே வாங்குவார் என்று ஒருமுறை கேட்டேன். லால் இம்லி என்றார். கான்பூர் கம்பளி ஆலை, 1876-இல் தொடங்கியது, ஆலை வளாகத்தில் இருந்த செம்புளி மரத்தின் பெயர். பஞ்சாபில் தாரிவால் என்ற ஊரில் இன்னோர் ஆலை. மாமா போட்ட கம்பளிச் சால்வை, கோட்டுத் துணி எல்லாம் இந்த இரண்டில் ஒன்று. 1981-இல் இரண்டையும் அரசே எடுத்துக்கொண்டது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றுவிட்டன. அந்தக் கம்பளி கரடுதான், கழுத்தில் அரிக்கும். ஆனால் நான் கல்லூரி முடிக்கும்வரை அந்தச் சால்வையைத்தான் இரவு போர்த்திக்கொண்டேன்.

கடையில் தைத்து வரும் ஸ்வெட்டர் என்றால் லூதியானா. 1984-இல் ஓஸ்வால் ஆலைக்காரர்கள் மாண்டி கார்லோ என்று ஒரு பெயரைக் கொண்டுவந்தார்கள், அதுவரை ஸ்வெட்டருக்குப் பெயர் கேட்கும் பழக்கமே எங்களுக்குக் கிடையாது. கல்லூரியில் ஒரு பையன் அதைப் போட்டுக்கொண்டு வந்தால் லேபிள் தெரிகிற மாதிரி கழட்டி நாற்காலியில் மாட்டுவான்.

அதே சமயம் கேஷ்மிலான் வந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். பெயரைக் கேட்டுக் கேஷ்மியருக்குத் தம்பி என்று எத்தனை பேர் வாங்கினார்கள். அது ஆடு பார்க்காத நூல், அக்ரிலிக். மலிவு, நிறம் பளிச், துவைத்தால் சுருங்காது, பூச்சி தின்னாது. ஊட்டி தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்திய அம்மாக்கள் கடை போட்டு விற்பதில் நிறைய அதுதான். சுற்றுலா வந்து திடீரென்று குளிரில் மாட்டிக்கொள்பவர்களுக்கு அது போதும், அவர்களும் கம்பளி என்று பொய் சொல்லி விற்பதில்லை, கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆனால் வேர்வையை வாங்காது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டும் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். ஏறுமேட்டில் நடந்து வேர்த்துவிட்டு நின்று பாருங்கள், வித்தியாசம் முதுகில் தெரியும்.

சந்தேகம் இருந்தால் உள்பக்கத்திலிருந்து ஒரு துளி நூலை உருவி நெருப்புக் காட்டுங்கள். கம்பளி என்றால் தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், கரியை விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறினதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாகிவிடும், நசுங்காது.

20 நவம்பர் 2022

திருத்தம். பெரிய திருத்தம்.

நூல் சோதனை பற்றி எழுதியதும் ஒருவர் "உங்கள் அப்பா ஸ்வெட்டர் கேஷ்மியர் என்று எப்படித் தெரியும்" என்று கேட்டார். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்படித்தான் பேச்சு. இன்று மதியம் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி லென்ஸ் வைத்து லேபிளைப் பார்த்தேன். துவைத்துத் துவைத்து எழுத்து எல்லாம் வெளுத்துப்போய், இடது ஓரம் பிய்ந்து மடங்கியிருக்கிறது. மடிப்பை ஊசியால் பிரித்தால் உள்ளே வெயில் படாத இடத்தில் எழுத்து தெரிகிறது. "-ஏமார்" என்று முடியும் ஒரு பெயர். அதன் கீழே ஹாயிக். அதன் கீழே லாம்ப்ஸ்வூல். ஓரத்தில் 42.

பிரேமார். ஹாயிக்கில் இருந்த இன்னொரு கம்பெனி. அதனால் பிரிங்கிளும் இல்லை, கேஷ்மியரும் இல்லை. 12-ஆம் தேதி எழுதியதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன், படிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

லாம்ப்ஸ்வூல் என்றால் குட்டி ஆட்டை முதல் தடவை கத்தரிக்கும்போது கிடைக்கும் மயிர். ஒரு முனை வெட்டுப்படாமல் இயற்கையாகவே கூர்ந்திருக்கும், அதனால் மெத்தென்று இருக்கும். கேஷ்மியர் என்பது மங்கோலியா, சீனப் பக்கத்து வெள்ளாடுகளின் உள்மயிர், தடிமன் 19 மைக்ரானுக்குக் குறைவு. ஓர் ஆட்டிடமிருந்து வருஷத்துக்கு 150 முதல் 200 கிராம்தான் தேறும். அதனால்தான் விலை. ஆனால் கேஷ்மியர் ஸ்வெட்டராக இருந்திருந்தால் எஸ்டேட்டில் இத்தனை வருஷம் தினசரி போட்டு உழைத்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். முழங்கை மூன்றாவது வருஷமே போயிருக்கும். லாம்ப்ஸ்வூலாக இருந்ததால்தான் தாங்கியது.

21 நவம்பர் 2022

துவைப்பது பற்றி. கம்பளி மயிரின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கிறது. சுடுதண்ணீரும் சோப்பும் சேர்ந்து கசக்கும்போது செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு திரும்பி வராது. அதுதான் சுருங்கல், அதைச் சரிசெய்யவே முடியாது. பெரியத்தை எனக்குக் கடைசியாகப் பின்னிய பழுப்பு நிற ஸ்வெட்டரை வெளியூரில் ஒரு லாண்டரியில் கொடுத்தேன். எட்டு வயசுப் பையனுக்கு ஆகிற அளவில் திரும்பி வந்தது. அத்தை அதற்கு முந்தின வருஷம்தான் காலமானார். கடைக்காரரிடம் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை, பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் பெட்டியில் இருக்கிறது.

அம்மா செய்தது இதுதான். பூந்திக்கொட்டையை இரவே ஊறவைத்து, கசக்கி வடிகட்டி, பச்சைத் தண்ணீரில் கலந்து ஸ்வெட்டரை அமுக்கி அமுக்கி எடுப்பார். முறுக்கிப் பிழியக் கூடாது. பழைய துண்டில் சுருட்டி மேலே ஏறி மிதித்தால் தண்ணீர் வந்துவிடும். அப்புறம் பாய் மேல் கையை விரித்துப் போட்டு நிழலில் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடைக்குக் கை முழங்காலுக்கு வந்துவிடும்.

பூச்சி விஷயம்: பறக்கிற அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. அதுவும் வேர்வையும் சோற்றுக் கறையும் பட்ட இடமாகப் பார்த்து. அதனால் துவைக்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். அந்துருண்டை வாசம் எனக்குப் பிடிக்கும், ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும்.

22 நவம்பர் 2022

காலையில் அப்பா ஸ்வெட்டரை எடுத்துப் பார்த்தால் இடுப்புப் பட்டைக்கு மேலே ஒரு ஓட்டை, மிளகு அளவு. மேலே அவ்வளவு எழுதிவிட்டு இது.

24 நவம்பர் 2022

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து "அப்படியானால் புதிதாக எதுவும் வாங்கக் கூடாதா" என்கிறார். இரண்டு நாளாக இதையே யோசித்தேன். முதல் நாள் உங்கள் தாத்தா சொல்வது சரி என்று பட்டென்று எழுதிவிட்டேன். பாதிதான் சரி. 1974-இல் வந்த மட்டமான ஸ்வெட்டர் எல்லாம் 1980-க்குள் கந்தலாகிப் போய்விட்டது, கரித்துணியாகிப் போய்விட்டது. நம் கண்ணில் படுவது பிழைத்தவை மட்டும். இன்னொன்று, எங்கள் வீட்டில் ஒரு ஸ்வெட்டருக்கு இருந்த கவனிப்பு இப்போது என் பத்து ஸ்வெட்டருக்கும் சேர்த்து இல்லை.

ஆனாலும் ஒன்று மாறியிருக்கிறது, அதில் என் கருத்து அப்படியே இருக்கிறது. இப்போது கடையில் தொட்டவுடன் மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காக நூலைத் தளர்வாக முறுக்கி, தளர்வாகப் பின்னி, அதிகம் அலசி விடுகிறார்கள். குட்டை மயிர் வெளியே வந்து உரசி உருண்டையாகிறது. பழையதைக் கடையில் தொட்டால் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்திருக்கும். போடப் போடத்தான் மென்மை வரும். அதனால் புதிது வாங்கப் போனால் இரட்டை முறுக்கு நூலா என்று பாருங்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சல்லடை மாதிரித் தெரியக் கூடாது, இடுப்புப் பட்டையை இழுத்துவிட்டால் உடனே சுருங்க வேண்டும், அக்குளில் அந்தப் புள்ளி வரிசை இருக்க வேண்டும். இது நான்கும் இருந்தால் பெயர் கேள்விப்படாததாக இருந்தாலும் வாங்கலாம்.

27 நவம்பர் 2022

ஓட்டையை அடைத்துவிட்டேன். கரும்பச்சை நூல் எங்கேயும் கிடைக்கவில்லை. சுருங்கிப்போன அத்தையின் ஸ்வெட்டரில் கழுத்துப் பட்டை மட்டும் அட்டையாகாமல் கொஞ்சம் பிரிந்தது. அதிலிருந்து ஒன்றரை முழம் பழுப்பு நூல். குண்டு பல்பைப் பின்னால் வைத்து, மேலும் கீழும் நான்கு இழை, குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்று நுழைத்து நான்கு இழை. இறுக்கினால் சுற்றிச் சுருக்கம் விழுகிறது, இரண்டு முறை பிரித்துப் போட்டேன். பழுப்பு தெரிகிறது. தெரியட்டும்.

அப்போது முழங்கைகளை உற்றுப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. வலது முழங்கையில் அம்மா போட்டது எனக்குத் தெரிந்த வேலை, பாய் முடைந்த மாதிரிக் குறுக்கும் நெடுக்கும். இடது வேறு மாதிரி. அங்கே பின்னலின் கண்ணியையே ஊசியால் ஒவ்வொன்றாக வரைந்த மாதிரி நூலை ஓட்டியிருக்கிறது. நூல் மட்டும் ஒரு துளி வெளிர். விரல் வைத்தால்கூட இடம் தெரியவில்லை. அம்மா இப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

28 நவம்பர் 2022

அப்பாவிடம் கேட்டேன். இங்கே எழுதியது முழுவதையும் உட்கார்ந்து படித்துக் காட்டினேன், 81 வயசு, காது நன்றாகவே கேட்கிறது. துரை கொடுத்தார் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"கொடுக்கல. வித்தாரு."

1973-இல் அந்நியச் செலாவணிச் சட்டம் வந்த பிறகு வெள்ளைக்கார மேனேஜர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பங்களா வராந்தாவில் எல்லாச் சாமானையும் பரப்பி விலை எழுதி வைத்தார்களாம். கட்டில், கண்ணாடி பீரோ, பூட்ஸ், மழைக்கோட்டு. அப்பா இந்த ஸ்வெட்டரை முப்பது ரூபாய்க்கு எடுத்தார், மூன்று மாசச் சம்பளத்தில் பத்துப் பத்தாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி. காலை ஆறு மணிக்கு எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பனியில் போய் நிற்க வேண்டியிருந்தது, அம்மாவுக்கு மாசம் ஏழு, வீட்டில் இருந்த ஒரே கம்பளியை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போக இது தேவைப்பட்டது என்றார். துரை கொடுத்தார் என்பது அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்த கதை. கடன் சொல்லி வாங்கியதை வெளியே சொல்ல அம்மாவுக்கு விருப்பமில்லை.

இடது முழங்கை வாங்கும்போதே அப்படித்தான் இருந்ததாம். அதனால்தான் முப்பது ரூபாய், இல்லையென்றால் கூடவே போட்டிருப்பார்கள். துரைசாணி போட்டதா, ஊரிலிருந்து வரும்போதே துரையின் தாயார் போட்டு அனுப்பியதா, அப்பாவுக்குத் தெரியவில்லை.

பழுப்பு நூலைத் தடவிப் பார்த்தார். இது யார் போட்டது என்று கேட்டார், சொன்னேன். துவைத்து வைக்கிறேன் கொடுங்கள் என்றேன். இன்றைக்கு வேண்டாம், குளிராக இருக்கிறது என்று தலைவழியாகப் போட்டுக்கொண்டார்.